பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் உணவுச் சங்கிலியும் ஆற்றல் ஓட்டமும்

உணவுச் சங்கிலியில் ஆற்றல் ஓட்டம் என்பது, சூரிய ஒளியிலிருந்து தாவரங்கள் சேமித்த ஆற்றல் உண்ணும் உயிர், உண்ணப்படும் உயிர் என்ற தொடர்பின் வழியாக ஓர் உயிரினத்திலிருந்து மற்றோர் உயிரினத்துக்குச் செல்வதைக் குறிக்கும். நடக்க, நீந்த, வளர, முட்டையிட, உடல் வெப்பத்தைக் காக்க என எல்லாவற்றுக்கும் உயிரினங்களுக்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலை அவை புதிதாக உண்டாக்குவதில்லை. வேறோர் இடத்திலிருந்து பெற்று, வேதிப் பிணைப்புகளில் சேர்த்து வைத்து, செலவழித்து, இறுதியில் வெப்பமாக வெளியேற்றுகின்றன.

பாடநூல்களில் இதற்குப் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்ற சங்கிலியே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகத் தரப்படுகிறது. அது தவறில்லை. ஆனால் கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் அந்தப் புல்வெளிச் சங்கிலியைத் தேடினால் கிடைக்காது. அங்கு ஆற்றல் பெரிதும் வேறு வழியில் செல்கிறது. பசுமையாக நிற்கும் இலையைவிட உதிர்ந்து அழுகும் இலைதான் அங்கு பல வாய்களுக்கு எட்டுகிறது.

காடும் அதன் இடமும்

பிச்சாவரம் காடு வடக்கே வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் தெற்கே கொள்ளிடக் கழிமுகத்துக்கும் இடையில் அமைந்துள்ளது. சிறு சிறு தீவுகளும் அவற்றைப் பிரிக்கும் உப்பங்கழி வாய்க்கால்களும் சேர்ந்ததே இந்தக் காடு. 2022ஆம் ஆண்டு இது ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. வெள்ளாற்றின் கரையில் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இந்தக் காட்டையும் கழிமுகத்தையும் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது.

காட்டின் பெரும்பகுதியை வெண்கண்டல் மரம் பிடித்திருக்கிறது. வாய்க்கால் ஓரங்களில் சுரபுன்னை தன் தாங்கு வேர்களை வளைவு வளைவாக நீரில் ஊன்றி நிற்கும். தில்லை மரமும் இங்கு உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த மரமும், நடராசர் கோயிலின் தல மரமும் இதுவே. இதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் தரும், பார்வையையும் பாதிக்கக்கூடும். இலையைத் தின்ன வரும் விலங்குகளைத் தாவரம் எப்படி விரட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இந்தச் செய்தி பின்னால் உதவும்.

சூரியனிலிருந்து இலைக்கு

தாவரம் மண்ணிலிருந்து உணவை உறிஞ்சுகிறது என்று மாணவர்கள் பலர் எழுதுவதுண்டு. மண்ணிலிருந்து வேர் எடுப்பது நீரையும் தாது உப்புகளையும் மட்டுமே. அவற்றில் தாவரம் பயன்படுத்தக்கூடிய ஆற்றல் இல்லை. இலையிலுள்ள பச்சையம் ஒளியை ஈர்க்கிறது. அந்த ஆற்றலைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடும் நீரும் சர்க்கரையாக மாற்றப்படுகின்றன. இதுவே ஒளிச்சேர்க்கை. மரத்தின் எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்த கார்பனும் ஆக்சிஜனும் என்பது முதலில் கேட்பவருக்கு வியப்பாகவே இருக்கும்.

தாவரத்தின் மேல் விழும் ஒளி முழுவதும் உணவாவதில்லை. பொதுவாக நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்கு மட்டுமே வேதி ஆற்றலாகச் சேமிக்கப்படுகிறது. அதிலும் ஒரு பகுதியைத் தாவரமே செல்சுவாசத்தில் செலவிட்டுவிடும். மீதமிருப்பது இலையாகவும் வேராகவும் தண்டாகவும் சேர்கிறது. இந்த மீதமே மற்ற உயிர்களுக்குக் கிடைக்கும் முதல்.

அலையாத்தி மரங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு செலவு உண்டு. அவை உப்பு நீரில் நிற்பவை. வேரில் உப்பைத் தடுத்தும், உள்ளே வந்ததை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றியும் வெண்கண்டல் தன்னைக் காத்துக்கொள்கிறது. வெயில் நேரத்தில் அதன் இலையைத் தொட்டு நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். உப்பை வெளியேற்ற ஆற்றல் செலவாகும். மண்ணில் உப்பு கூடக் கூட அந்தச் செலவும் கூடி, வளர்ச்சிக்கு மிஞ்சுவது குறையும். ஓர் அளவைத் தாண்டினால் மரம் குட்டையாகும். அதையும் தாண்டினால் நாற்றே பிடிக்காது.

மரங்கள் மட்டுமே இங்கு உற்பத்தியாளர்கள் அல்ல. வாய்க்கால் நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிரிகளும், ஓதம் வடிந்த சேற்றின் மேல் பழுப்பும் பச்சையுமாகப் படர்ந்திருக்கும் நுண்பாசிகளும் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. பார்வைக்கு மரங்களே காடு முழுவதையும் தாங்குவதுபோல் தெரியும். இந்தச் சிறு உயிரிகளின் பங்கு எவ்வளவு பெரியது என்பது பிற்கால ஆய்வுகளில்தான் விளங்கியது.

இரண்டு வழிகள்

உற்பத்தியாளரிலிருந்து ஆற்றல் இரண்டு வழிகளில் செல்கிறது. உயிருள்ள தாவரத்தை விலங்கு உண்பதில் தொடங்குவது மேய்ச்சல் உணவுச் சங்கிலி. இறந்த பொருளில் தொடங்குவது மட்குப்பொருள் உணவுச் சங்கிலி. எந்தச் சூழலிலும் இரண்டும் இருக்கும். எது மேலோங்குகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

அலையாத்தி இலை தடித்தது. உப்பும் துவர்ப்பும் கொண்டது. தில்லையைப் போல் பால் உள்ளதும் உண்டு. எனவே மரத்தில் இருக்கும்போதே அதைத் தின்பவை குறைவு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலக் கழிமுகம் ஒன்றில் 1960களின் இறுதியில் எரிக் ஹீல்ட், வில்லியம் ஓடம் ஆகிய இருவரும் இதை அளந்து பார்த்தனர். அங்குள்ள சிவப்புக் கண்டல் மரங்களின் இலைகளில் ஏறத்தாழ 5 சதவீதமே மரத்தில் இருக்கும்போது பூச்சி முதலியவற்றால் உண்ணப்பட்டது. மீதம் உதிர்ந்து நீருக்குள் போனது. கழிமுகத்தின் மீன்வளத்துக்கு உதிர்ந்த இலைகளே அடிப்படை என்று அவர்கள் கூறினர். உலகெங்கும் அலையாத்திக் காடுகள் வீண் சதுப்பு நிலம் என்று எண்ணப்பட்ட காலத்தில் அந்தக் கருத்து பெரிய மாற்றத்தை உண்டாக்கியது.

உதிர்ந்த இலைக்கு என்ன ஆகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். முதல் சில நாட்களில் இலையிலுள்ள சர்க்கரையும் துவர்ப்புப் பொருளும் நீரில் கரைந்து வெளியேறும். பிறகு பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இலைமேல் படர்ந்து, விலங்குகளால் செரிக்க முடியாத செல்லுலோசைச் சிறிது சிறிதாக உடைத்துத் தம் உடலாக மாற்றிக்கொள்கின்றன. புதிதாக உதிர்ந்த இலையில் நைட்ரஜன் மிகக் குறைவு. அழுக அழுக, நுண்ணுயிர்களின் புரதம் சேர்வதால் அந்த இலைத்துகளில் நைட்ரஜனின் விகிதம் கூடுகிறது. அதாவது அழுகும் இலை சத்தை இழப்பதில்லை. உண்பவருக்கு ஏற்றதாக மாறுகிறது.

இந்தத் துகளை இறாலும் மடவை மீனும் நத்தையும் உண்ணும்போது அவற்றுக்கு உண்மையில் பயன்படுவது பெரும்பாலும் அதன்மேல் படர்ந்த நுண்ணுயிர்ப் படலமே. வாழையிலையில் சோறு பரிமாறினால் பசி தீர்ப்பது இலையன்று, சோறு. இங்கும் இலைத்துகள் பந்தி இலை போன்றது. செரிக்காத துகள் கழிவாக வெளியேறியதும் அதன்மேல் மீண்டும் நுண்ணுயிர்கள் படரும். வேறொரு விலங்கு அதை மீண்டும் உண்ணும். ஒரே இலைத்துகள் இப்படிப் பல வயிறுகளைக் கடந்து செல்லும். புல்வெளிச் சங்கிலியில் இதற்கு ஒப்பாக எதுவும் சொல்லப்படுவதில்லை.

எல்லா இலைகளும் நீருக்குப் போவதில்லை. சேற்றில் வளை தோண்டி வாழும் சிறு நண்டுகள் விழுந்த இலையை இழுத்துச் சென்று வளைக்குள் வைத்துத் தின்கின்றன. அவை கடித்துத் துண்டாக்குவதால் நுண்ணுயிர்களின் வேலையும் விரைவாகிறது. வளைகளின் வழியே சேற்றுக்குள் காற்றும் புகுகிறது.

சேற்றை ஓர் அடி தோண்டினால் கருநிறமாக இருக்கும்; அழுகிய முட்டை நாற்றம் வரும். ஆக்சிஜன் இல்லாத அந்த ஆழத்தில் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்திச் சுவாசிக்கின்றன. அதன் விளைவாகும் ஹைட்ரஜன் சல்பைடே அந்த நாற்றம். இதைக் கண்டு, இங்குள்ள உயிர்கள் சூரியன் இல்லாமலே ஆற்றல் பெறுகின்றன என்று முடிவு செய்துவிடக்கூடாது. அந்தப் பாக்டீரியாக்கள் சிதைப்பதும் ஒருகாலத்தில் ஒளியால் உருவான இலையைத்தான். 1977இல் கலாபகசுத் தீவுகளுக்கு அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் கண்டறியப்பட்ட உயிர்க் கூட்டங்களே உண்மையான விலக்கு. அவற்றின் முதல் ஆற்றல் பூமியின் உள்ளிருந்து வரும் வேதிப்பொருள்களிலிருந்து கிடைக்கிறது.

இறாலும் மீனும் மேலே செல்பவையும்

வெள்ளை இறாலின் வாழ்க்கை இந்தச் சங்கிலியைக் கடல்வரை நீட்டுகிறது. தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. இளம் இறால்கள் ஓதத்தோடு கழிமுகத்துக்குள் வந்து, வேர்களுக்கிடையே ஒளிந்து, துகளும் பாசியும் நுண்ணுயிரிகளும் உண்டு வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கடலில் இனப்பெருக்கம் செய்து கழியில் வளரும் மீனே. கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலோ பரங்கிப்பேட்டையிலோ ஏலம் போகும் இறாலின் உடலில் உள்ள ஆற்றலில் ஒரு பகுதி இத்தகைய கழிமுகங்களில் சேர்த்ததாகும்.

இறாலையும் சிறு மீனையும் கொடுவா உண்கிறது. கழி நண்டு நத்தைகளையும் சிறு நண்டுகளையும் உண்கிறது. கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, செம்பருந்து ஆகியவை இவற்றின்மேல் வாழ்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றை மட்டும் உண்பதில்லை என்பதால் இதைச் சங்கிலி என்பதைவிட உணவு வலை என்பதே பொருத்தம். இறால் துகளையும் உண்ணும், சிறு புழுவையும் உண்ணும். அதை முதல்நிலை நுகர்வோர் என்றோ இரண்டாம்நிலை என்றோ ஒரே கட்டத்தில் அடைக்க முடியாது.

மனிதரும் இந்த வலையில் இருக்கின்றனர். பிச்சாவரத்தைச் சுற்றி வாழும் இருளர் மக்கள் மார்பளவு நீரில் இறங்கி, சேற்றிலும் வேரிடையிலும் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பர். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலைப் பறி. வலையும் படகும் இல்லாத இந்த முறையில் ஒருநாள் வருவாய், அன்று காட்டின் வேரடியில் என்ன வளர்ந்திருக்கிறது என்பதை நேராகச் சார்ந்தது.

பத்து சதவீதம் என்ற கணக்கு

ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஆற்றல் முழுவதும் செல்வதில்லை. உண்ணப்படாமல் விடப்படுவது ஒரு பங்கு; உண்டும் செரிக்காமல் கழிவாவது ஒரு பங்கு; செரித்ததில் பெரும்பகுதி சுவாசத்தில் செலவாகி வெப்பமாகிறது. உடலில் வளர்ச்சியாக மிஞ்சுவது மட்டுமே அடுத்த நிலைக்குக் கிடைக்கும். சராசரியாக இது பத்தில் ஒரு பங்கு என்பதே பத்து சதவீத விதி.

தாவர மிதவை உயிரிகளில் 10,000 கிலோகலோரி இருப்பதாகக் கொண்டால், அவற்றை உண்ணும் விலங்கு மிதவை உயிரிகளில் 1,000, சிறு மீன்களில் 100, கொடுவாவில் 10, கொடுவாவை உண்ணும் மனிதரிடம் 1 கிலோகலோரி என்று குறைந்துகொண்டே வரும். பாசியையும் துகளையும் நேராக உண்ணும் மடவையை மனிதர் உண்டால் அதே 10,000இலிருந்து 100 கிடைக்கும். சங்கிலியின் கீழ்ப்படியில் உள்ள மீனை உண்பது அதிகம் பேருக்கு உணவாகும் என்பதன் பொருள் இதுவே. சங்கிலிகள் பொதுவாக நான்கு, ஐந்து படிகளைத் தாண்டாததற்கும் இந்த இழப்பே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

இந்த விதியோடு ரேமண்ட் லிண்டமேன் என்ற அமெரிக்கரின் பெயர் இணைத்துச் சொல்லப்படுகிறது. மினசோட்டாவின் சீடார் பாக் என்ற சிறு ஏரியை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரையை முதலில் மதிப்பீட்டாளர்கள் ஏற்கவில்லை. 1942இல் அது வெளியானபோது அவர் உயிருடன் இல்லை; 27 வயது நிறைவதற்குள் மறைந்துவிட்டார். கவனிக்க வேண்டியது, அவர் அந்த ஏரியில் கண்ட எண்கள் பத்து அல்ல. முதல்நிலை நுகர்வோருக்கு 13.3 சதவீதமும் இரண்டாம்நிலைக்கு 22.3 சதவீதமும் அவர் கணக்கிட்டார். பத்து என்பது நினைவில் வைக்க எளிதான சராசரி. இயற்கை அதற்குக் கட்டுப்பட்டது போல் எழுதுவது சரியன்று. தேர்வில் பத்து என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் உண்மையான அளவு ஏறத்தாழ 5 முதல் 20 வரை மாறுபடும் என்பதை அறிந்து எழுதுவது நல்லது.

மாறுபாட்டுக்குக் காரணம் உண்டு. கொக்கு வெப்ப இரத்த விலங்கு. உடல் வெப்பத்தைக் காப்பதிலேயே அதன் ஆற்றல் போய்விடும். செரித்த உணவில் 1 முதல் 3 சதவீதமே உடலாக மாறும். மீன் குளிர் இரத்த விலங்கு. அதற்கு ஏறத்தாழ 10 சதவீதம் மிஞ்சும். ஆகவே நூறு கிலோ சிறு மீனைக் கொடுவாக்கள் தின்றால் சேரும் சதை, கொக்குகள் தின்றால் சேராது.

ஆற்றல் குறைந்துகொண்டே போகும் இதே பாதையில் நஞ்சு மட்டும் கூடிக்கொண்டே போகும். கீழ்ப்படி உயிர்களைப் பெருமளவில் தின்றே மேற்படி உயிர் வாழ வேண்டியிருப்பதால், சிதையாமல் உடலில் தங்கும் டிடிடி, மெத்தில் பாதரசம் போன்றவை மேலே செல்லச் செல்லச் செறிவடைகின்றன. சப்பானின் மினமாட்டாவில் 1956இல் கண்டறியப்பட்ட பாதரச நோய் மீன் வழியாக மனிதரை அடைந்தது இப்படித்தான்.

இலையா, பாசியா?

உதிர்ந்த இலையே கழிமுகத்தின் முதல் உணவு என்ற ஹீல்ட், ஓடம் கருத்து பின்னர் மறுஆய்வுக்கு உள்ளானது. அதற்கு உதவியது கார்பன் ஐசோடோப்பு முறை. கார்பனில் எடை 12 கொண்டதும், சிறிதளவு 13 கொண்டதும் உண்டு. அலையாத்தி இலையில் 13இன் விகிதம் கடல் மிதவைப் பாசியில் இருப்பதைவிடக் குறைவு. உண்பவரின் சதையில் உணவின் விகிதம் பெருமளவு அப்படியே தங்குவதால், ஓர் இறாலின் சதையை ஆராய்ந்தால் அது எதை உண்டு வளர்ந்தது என்று தெரிந்துவிடும். வயிற்றைப் பிளந்து பார்ப்பதைவிட இது நம்பகமானது. ஏனெனில் வயிற்றில் இருப்பதெல்லாம் உடலில் சேர்வதில்லை.

ஆந்திராவின் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள கோரிங்கா அலையாத்திக் காட்டில் 2000ஆம் ஆண்டையொட்டி நடந்த இத்தகைய ஆய்வுகள், அங்குள்ள பல முதுகெலும்பற்ற விலங்குகள் அலையாத்தி இலையைவிட மிதவைப் பாசியையும் சேற்றுப் பாசியையும் அதிகம் சார்ந்திருப்பதைக் காட்டின. இலையைத் தின்னும் சில நண்டு வகைகள் மட்டும் தெளிவாக இலையின் கார்பனைக் கொண்டிருந்தன. இதனால் காடு பயனற்றது என்று ஆகிவிடாது. அலை குறைந்த நீர், ஒளிந்துகொள்ள வேரிடுக்கு, பாசி வளரச் சேற்றுப்பரப்பு, சிதைந்த இலையிலிருந்து விடுபடும் தாதுக்கள் ஆகியவற்றைக் காடு தருகிறது. ஆனால் இலை, துகள், இறால் என்று ஒரே கோடாக வரைந்து காட்டும் படத்தை இனியும் அப்படியே பாடமாக்கக் கூடாது.

சங்கிலி அறுந்ததும் மீண்டதும்

பிச்சாவரத்தின் பெரும்பகுதி ஒருகாலத்தில் மொட்டையாகக் கிடந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள்வரை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மரங்களை முழுவதுமாக வெட்டினர். மீண்டும் முளைத்துவிடும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட இம்முறை இங்கு பொய்த்தது. நிழல் இழந்த சேறு வெயிலில் நீரை இழந்து அமுங்கியது. நடுவில் தொட்டி போன்ற பள்ளம் உண்டானது. பெரிய ஓதத்தின்போது பள்ளத்தில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியானது; உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போனது. மேலே அணைகளில் நீர் தேக்கப்பட்டதால் கொள்ளிடத்தில் வரும் நன்னீரும் குறைந்திருந்தது. உப்பை வெளியேற்றும் செலவு வரவைத் தாண்டிய மண்ணில் வெண்கண்டல் நாற்றும் நிற்கவில்லை. சங்கிலியின் முதல் கண்ணி இல்லாத இடத்தில் மற்றவையும் இல்லை.

வெட்டியதாலும் ஆடுமாடு மேய்ச்சலாலும் மக்களே காட்டை அழித்தனர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் வனத்துறையோடும் கிராம மக்களோடும் இணைந்து செய்த ஆய்வில் தேங்கிய உப்பே முதன்மைக் காரணம் என்று விளங்கியது. நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் அதன் இருபுறமும் மீன்முள் போல் சாய்ந்து பிரியும் சிறு வாய்க்கால்களும் வெட்டப்பட்டன. ஓதநீர் நாள்தோறும் புகுந்து வெளியேறி உப்பைக் கழுவியது. வாய்க்கால் சரிவுகளில் வெண்கண்டல் நடப்பட்டது. சில ஆண்டுகளில் மரம் அடர்ந்தது. வெட்டிய வாய்க்கால்களிலேயே மீனும் இறாலும் நண்டும் புகுந்தன. வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்தால் மீண்டும் உப்பு தேங்கும் என்பதால் தூர்வாருதல் ஓயாத வேலை.

இதே கரையில் 1990களில் பெருகிய இறால் பண்ணைகளின் கணக்கு வேறு. கழியில் வளரும் இறால் துகளையும் பாசியையும் உண்டு வளர்கிறது. பண்ணை இறாலுக்குத் தரும் தீவனத்தில் மீன்தூள் சேர்கிறது. கடலில் பிடித்த மீனைத் தூளாக்கி இறாலுக்கு ஊட்டும்போது சங்கிலியில் கூடுதலாக ஒரு படி நுழைந்து, அந்தப் படியின் இழப்பும் சேர்கிறது. காந்தியர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த மரபுசாராப் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. வழக்கில் முதன்மையாக எழுந்தவை நிலத்தடி நீர் உப்பாதலும் கழிவுநீரும். பின்னர் 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பதிவு முறையின்கீழ் பண்ணைகளுக்கு வழிவிட்டது.

உண்ணப்படாமல் புதைந்தவை

உதிர்ந்த எல்லாம் உண்ணப்படுவதில்லை. ஆக்சிஜனற்ற சேற்றில் புதைந்த வேரையும் இலையையும் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகவே சிதைக்கும். ஒரு பகுதி நூற்றாண்டுகள் கடந்தும் அப்படியே கிடக்கும். அலையாத்திக் காடுகள் கார்பனைப் பெருமளவு சேமிக்கின்றன என்று இன்று பேசப்படுவது இதனாலேயே. சிதம்பரத்துக்கு வடமேற்கே, இதே மாவட்டத்தில், இதன் நெடுங்கால வடிவத்தைக் காணலாம். 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிறுவனம் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் வளர்ந்து, எந்த வாய்க்கும் எட்டாமல் புதைந்துபோன தாவரங்களின் எச்சம். அங்குள்ள அனல் மின்நிலையங்களில் அது எரியும்போது வெளிப்படுவது அந்தத் தாவரங்கள் அன்று சேமித்த சூரிய ஆற்றலேயாகும்.